ஏத்துது, நிப்பாட்டாதேங்கோ!

உப்புக் காற்று தின்ற இரும்புக்கு ஒரு தனிச் சத்தம் உண்டு. சோற்றில் கிடந்த மணல் கடைவாய்ப் பல்லில் அகப்பட்டால் தலைக்குள் கேட்குமே, அந்தச் சத்தம். எங்கள் வீட்டில் அதற்குக் "கிர்ர்" என்று பெயர். மின்விசிறிக்குக் கிர்ர் வந்துவிட்டது, தையல் மெசினுக்குக் கிர்ர் வந்துவிட்டது என்று, வீட்டில் ஒவ்வொருவராகக் காய்ச்சலில் விழுவதைச் சொல்வது போல அம்மா சொல்லிக்கொண்டு திரிவார். மன்னார்த் தீவின் வடகரையில், பேசாலைக்கும் தலைமன்னாருக்கும் நடுவே, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற அந்த வீட்டில் கிர்ர் வராத பொருட்கள் மரக்கதிரைகளும் மாதா சுரூபமும் மட்டுந்தான்.

ஆகவே நோர்வேயிலிருந்து மாமா அனுப்பிய விளையாட்டுப் பெட்டிக்கும் அது வரும் என்று நாங்கள் எதிர்பார்த்திருக்க வேண்டும். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு விளையாடுகிற, நடுவில் திரையும் இரு பக்கமும் பொத்தான்களுமாக இருந்த அந்தக் கறுப்புப் பெட்டியை அப்பா "கைக்கேம்" என்றார். அதுவே அதற்குப் பெயராகிவிட்டது. அதோடு கார்ப் பந்தய விளையாட்டு உள்ள ஒரு சின்னத் தட்டும் வந்தது. தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்றுக் காலம் ஒன்று முழுவதும் நான் அந்தக் காரை ஓட்டினேன். அடுத்த சோழகம் தொடங்கியபோது தட்டைச் சுழற்றுகிற பகுதிக்குக் கிர்ர் வந்து, பிறகு சத்தமும் நின்று, திரையில் தட்டைப் போடச் சொல்லி ஓர் ஆங்கில வரி மட்டும் நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. வீட்டில் யாராவது செத்தாற்போல நான் அழுததாக அக்கா இன்றைக்கும் சொல்வாள். கொஞ்சம் கூட்டிச் சொல்கிறாள், ஆனால் பொய் இல்லை.

அதே சோழகத்தில் அக்காவுக்கும் ஒரு கிர்ர் வந்தது. அது கோயிலில் இருந்த கீபோர்ட்டுக்கு வந்த கிர்ர். அக்கா றெஜினா, வீட்டில் றெஜி, நாங்கள் அகதிகளாக இந்தியாவில் மண்டபம் முகாமில் இருந்த காலத்தில் அங்கு வந்துபோன ஒரு கன்னியாஸ்திரியிடம் கீபோர்ட் வாசிக்கக் கற்றிருந்தாள். நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்தபோது எங்கள் பேச்சில் இந்தியா ஒட்டிக்கொண்டிருந்ததால் பள்ளிக்கூடத்தில் "இந்தியாப் பிள்ளையள்" என்று ஒதுக்கி வைத்தார்கள். நான் அழுதும் அடித்தும் அதைச் சமாளித்தேன், அக்கா வாசித்துச் சமாளித்தாள். கோயிலில் அவள் விரல் வைத்த பிறகுதான் ஊர் எங்களை ஊராரென்று எண்ணத் தொடங்கியது. அந்த வருட ஆவணித் திருநாளுக்குப் பாடகர் குழாமை நடத்தும் பொறுப்பை முதல் முறையாக அவளிடம் கொடுத்திருந்தார்கள். கொடுத்த கையோடு கீபோர்ட்டின் பாதிக் கட்டைகள் ஊமையாகின. மன்னார்ப் பஜாரில் அதைத் திறந்து பார்த்தவர், உள்ளே கடல் இருக்கிறது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இசை இல்லாமல் பாடினால் எங்கள் குழாமுக்கு ஒரு பழக்கம் இருந்தது. பாட்டின் தொடக்கத்தில் ஒரு சுருதியில் இருப்பார்கள், முடிக்கும்போது வேறு எங்கேயோ போய்க் கரை ஒதுங்குவார்கள். ஒரு பயிற்சியைக் கேட்ட பங்குச் சுவாமியார் மனம் நோகாமல்தான் சொன்னார்:

"றெஜி, பிள்ளையள் துடுப்பு வலிச்சுக்கொண்டு எங்கையோ போகுதுகள். வாற ஞாயிறு வரைக்கும் பாப்பம். சரிவராட்டில் சீடியைப் போட்டுச் சமாளிப்பம், என்ன?"

சீடியைப் போடுவதென்றால், யாரோ பாடிய பாட்டு ஒலிபெருக்கியில் போகும்; அக்காவும் மற்றப் பெண்களும் முன்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்க வேண்டும். "ஓம் ஃபாதர்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த அக்கா விளக்குமாற்றை எடுத்து முற்றத்தைக் கூட்டத் தொடங்கினாள். சோழகம் அடிக்கும்போது மணல் முற்றத்தைக் கூட்டுகிறவர்களுக்கு எங்கள் ஊரில் வேறு பெயர் உண்டு. அம்மா அவளைத் தடுக்கவில்லை. கூட்டிய மணல் திரும்பத் திரும்ப அவள் காலடிக்கே வந்துகொண்டிருந்ததைப் பார்த்தபோது, கைக்கேமுக்காக அழுததைக் காட்டிலும் எனக்குக் கூடுதலாக வலித்தது.

மன்னார்ப் பஜாரில் ரியாஸ் நானாவின் "கொமினிகேஷன்" கடை இருந்தது. போன் திருத்துவது, படம் பிரதி எடுப்பது, இரண்டு கொம்பியூட்டர்களில் இன்டர்நெட் பார்க்க விடுவது எல்லாம் அங்கே நடக்கும். புத்தளத்தில் வளர்ந்து, குடும்பத்தோடு ஊர் திரும்பிய முஸ்லிம் இளந்தாரி அவர்; நானா என்றால் அண்ணன். கடையை விட வாய் பெரிது. தட்டு இல்லாமல் கைக்கேமை உயிர்ப்பிக்க வழி உண்டா என்று பார்க்க நான் ரியூஷன் முடிந்த கையோடு அங்கே போய் உட்கார்ந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஆங்கிலப் பக்கங்களை எழுத்துக் கூட்டி வாசித்தேன். வழி இருந்தது. கொம்பனி பெட்டிக்குள் வைத்து அனுப்பிய அடிப்படை மென்பொருளை எடுத்துவிட்டு, வெளியே யாரோ கெட்டிக்காரர்கள் திருத்தி எழுதிய ஒன்றை அதன் இடத்தில் ஏற்ற வேண்டும். அதன் பிறகு தட்டே தேவையில்லை. மெமரிக் காட்டிலிருந்து எல்லாம் ஓடும். அதோடு, கடையில் விற்காத, வீட்டுச் சமையல் போல யாரோ தங்கள் பாட்டில் செய்து சும்மா கொடுக்கிற சின்னச் சின்ன மென்பொருட்களையும் போட்டுக்கொள்ளலாம். அந்த வீட்டுச் சமையல்களைப் பார்த்துக்கொண்டு போகும்போதுதான், கைக்கேமைக் கீபோர்ட்டாக்குகிற ஒன்று என் கண்ணில் பட்டது. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சுரக்கூட்டை, அதாவது சேர்ந்து ஒலிக்கிற சில சுரங்களை, வைத்துக்கொள்ளலாம். பொத்தானை அழுத்தினால் ஓர்கன் சத்தம் வரும்.

அன்று பஸ்ஸில் வீட்டுக்கு வந்தபோது நான் இருக்கையில் இருந்த ஞாபகமே எனக்கு இல்லை. சொன்னதும் அக்கா முதலில் சிரித்தாள். பிறகு கைக்கேமை வாங்கிப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். அதுவரை அதை ஒரு மனிசர் தொடுகிற பொருளாகவே மதிக்காதவள் அவள்.

மெமரிக் காட்டில் எல்லாவற்றையும் ரியாஸ் நானாவே போட்டுத் தந்தார். தரும்போது, "ஏத்தி முடியும் வரைக்கும் கரண்ட் மட்டும் போகப்படாது புள்ள. நடுவில நிண்டா பெட்டி கல்லாப் போயிடும். பொறகு அதால கருவாட்டுக்குக் கல்லு வைக்கலாம்" என்றார். எங்களுக்கு அங்கேதான் சிக்கல். பற்றரி, நிறைந்திருப்பதாகத் திரையில் காட்டுமே தவிர, சார்ஜரைக் கழற்றினால் அடுத்த மூச்சில் செத்துவிடும். சார்ஜரில் போட்டுச் செய்வதென்றால் ஊர்க் கரண்டை நம்ப வேண்டும். சோழகம் பலக்கும்போதெல்லாம் கம்பிகள் ஒன்றோடொன்று உரசி எங்கள் ஊர்க் கரண்ட் கண் சிமிட்டும். மீன்பிடித் தொழில் செய்கிற அப்பாவிடம் கேட்டோம். கைக்கேமைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது, காற்றைப் பற்றி எல்லாம் தெரியும்.

"காத்தோட சண்டை பிடிக்காதேங்கோ. பொழுதுபடேக்கை அது தன்ர பாட்டில அடங்கும். அந்த நேரம் ஏத்துங்கோ" என்றார்.

"ஏத்துறது" என்பது எங்கள் வீட்டில் மீன்பெட்டிகளை ஐஸ் லொறியில் ஏற்றுவதற்கான சொல். அன்று முதல் கைக்கேமுக்கும் அதுவே ஆயிற்று. பொழுதுபடுகிற நேரமே நல்ல நேரம் என்று நாங்களும் முடிவுசெய்தோம். காற்றைப் பார்த்தோம், கரண்டைப் பார்த்தோம், திறந்த ஜன்னலால் மணல் வராமல் சாக்கைக் கட்டினோம், பூனையைக் கூட வெளியே விட்டுக் கதவைப் பூட்டினோம். கோயில் மணியை மட்டும் மறந்துபோனோம்.

கத்தோலிக்கக் கரையூர்களில் வளர்ந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. காலையிலும் நண்பகலிலும் மாலை ஆறு மணிக்கும் கோயில் மணி அடிக்கும். அடித்தால் கையில் இருப்பதை வைத்துவிட்டு எழுந்து நின்று திரிகாலச் செபம் சொல்ல வேண்டும். "மணி கேட்டா வள்ளமும் நிக்கும், வாயும் நிக்கும்" என்பது அம்மாவின் வாக்கு. சட்டியில் மீன் பொரிந்துகொண்டிருந்தாலும் அடுப்பிலிருந்து இறக்கிவிடுவார். முதல் மணி காதில் விழுந்ததும் குசினியிலிருந்து வந்து, ஹோலில் இருந்த ஒரேயொரு பிளக்கின் சுவிட்சை அமர்த்தி, டீவியோ ரேடியோவோ எது பாடினாலும் அதன் வாயை மூடிவிட்டுத்தான் சிலுவை போடுவார். அந்த ஒரேயொரு பிளக்கில்தான் அன்று கைக்கேமின் சார்ஜரும் இருந்தது.

திரையில் பச்சைக் கோடு பாதி தாண்டியிருந்தது. மணி அடித்தது. அம்மா சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடியபடி வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் "டக்" என்று ஒரு சத்தம். திரை கறுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை. செபம் தொடங்கிவிட்டால் நடுவில் கதைக்க முடியாது. செத்த கைக்கேமைக் கையில் ஏந்திக்கொண்டு நானும், பக்கத்தில் அக்காவும், ஒன்றும் அறியாத அம்மா முன்சொல்ல, பின்சொல்லிக்கொண்டு நின்றோம். அக்காவின் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டேயிருந்தது. செபம் முடிந்து அம்மா அதைப் பார்த்தார், முகம் மலர்ந்தது. "றெஜிக்கு இண்டைக்கு நல்ல பக்தி" என்று சொல்லிவிட்டு மீனைப் பார்க்கப் போனார்.

நாங்கள் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. செபத்துக்காக நிறுத்திய சாமான் எப்படிப் பழுதாகும் என்பது அவருடைய கேள்வி. சுவிட்சைப் போட்டார், அமர்த்தினார், திரும்பவும் போட்டார். சின்னப் பச்சை வெளிச்சம் ஒருமுறை எரிந்து அணைந்ததே தவிர, திரை திறக்கவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, "சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தான் ஆண்டி" என்று தொடங்கியவர், அக்காவின் முகத்தைக் கண்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். ஞாயிறு வரப்போகிறது, சீடி வரப்போகிறது என்பது அம்மாவுக்கும் அப்போதுதான் உறைத்தது. அன்றிரவு அவர் சாப்பிடவில்லை. அந்தோனியாருக்கு மெழுகுதிரி நேர்ந்தார். அடுத்த நாள் கைக்கேமை ஒரு வெள்ளை லேஞ்சித் துணியில் சுற்றி, சுகமில்லாத பிள்ளையைத் தூக்குவது போல மடியில் வைத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கடைக்குள் நுழைந்ததும், "தம்பி, பிள்ளையள் ஒண்டும் செய்யேல்லை. நான்தான் செபத்துக்கு நிப்பாட்டினனான்" என்றார் அம்மா.

ரியாஸ் நானா சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். "நீங்க ஒண்டும் யோசிக்காதீங்கம்மா. நான் எழுப்பாத சாமான் மன்னார்ல இல்ல" என்றார். அதுவரை அவர் இந்த மாதிரிப் பெட்டியைத் திறந்ததே இல்லை என்பதும் எனக்குத் தெரியும். இன்டர்நெட்டில் இருவருமாகத் தேடினோம். கல்லாகிப் போன பெட்டியை எழுப்பவும் ஒரு வழி இருந்தது: பற்றரியைத் திறந்து, உள்ளே இருக்கிற சின்னஞ்சிறு மின்னணுச் சில்லின் ஒரேயொரு கம்பிக்காலைப் பிரித்துவிட்டால், பெட்டி அந்தப் பற்றரியைக் கொம்பனியில் திருத்துகிறவரின் பற்றரி என்று எண்ணி, செத்த மென்பொருளைத் தேடாமல் மெமரிக் காட்டிலிருந்து எழும்பிவிடும். நான் வாசித்துச் சொல்ல, அவர் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சவர அலகால் வெட்டினார். கடையில் கிடந்த இதே மாதிரியான ஒரு பழைய பற்றரியில்தான் முதலில் வெட்டினார். தலைகீழாகப் பிடித்திருந்ததால் வேறொரு காலை வெட்டிவிட்டார். "இது பயிற்சிக்கு" என்று அதை மெதுவாக மேசை லாச்சிக்குள் தள்ளினார். மிச்சமிருந்தது எங்களுடைய பற்றரி மட்டும். அதையும் வெட்டிக் கெடுத்தால் ஞாயிறும் போச்சு, கைக்கேமும் போச்சு. அம்மா பையிலிருந்து செபமாலையை எடுத்தார். ரியாஸ் நானா "பிஸ்மில்லாஹ்" என்றார். அலகு இறங்கியது.

பெட்டிக்குள் பற்றரியைப் போட்டுச் சார்ஜரைக் குத்தியதும், ஒருவரும் பொத்தானைத் தொடாமலே, திரை தானாக விழித்தது. ஏற்றத் தொடங்கினோம். பச்சைக் கோடு நத்தை போல நகர்ந்தது. நேற்று நின்ற இடத்தை அது தாண்டிய நேரம் பள்ளிவாசலில் பிற்பகல் தொழுகைக்கான அஸர் பாங்கு ஒலித்தது.

ரியாஸ் நானாவுக்கு ஒரு பழக்கம். பாங்கு கேட்டால் பேச்சை நிறுத்தி, தொப்பியைப் போட்டு, மெயின் சுவிட்சை அமர்த்தி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுத் தொழப் போவார். அன்றும் தொப்பி தலைக்கு ஏறியது. கை தன் பாட்டில் மெயின் சுவிட்சை நோக்கிப் போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"தம்பி, நிப்பாட்டாதேங்கோ! ஏத்துது!"

கத்தியது அம்மா. கதிரையிலிருந்து எழும்பி, சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் முதுகைக் கொடுத்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார். செபமாலை ஒரு கையில் தொங்கிக்கொண்டிருந்தது. ரியாஸ் நானா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சரிம்மா, சரி. கடை உங்கட பொறுப்பு. நான் தொழுதுட்டு வாறன்" என்று சொல்லி, எங்களை உள்ளே விட்டு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுப் போனார். அரை இருட்டில் நானும் அம்மாவும் பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். அம்மா சுவிட்ச் பெட்டியை விட்டு அசையவில்லை. ரியாஸ் நானா திரும்பி வந்தபோது கைக்கேம் எழும்பிப் பாடிக்கொண்டிருந்தது, எங்கள் கண்கள் மூன்று சோடியும் கலங்கியிருந்தன. தனக்குத் தூசி விழுந்தது என்று ரியாஸ் நானா சொன்னார்.

பிறகு வீடு பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம். அக்கா கைக்கேமைக் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சுரக்கூட்டை வைத்து, பெருவிரல்களாலேயே பாட்டுகளை வாசிக்கப் பழகினாள். கிணற்றடியிலும், தேங்காய் துருவும்போதும் பெருவிரல்கள் இரண்டும் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும். எனக்குக் காரோட்ட ஒரு நிமிடம் கூடக் கிடைக்கவில்லை. ஞாயிறு பயிற்சியில் கோயில் அம்பிளிபயரில் வயரைக் குத்தியபோது, கைக்கேம் கண் விழிக்கையில் போடுகிற கூவல் முழுக் கோயிலுக்கும் கேட்டது. வெளியே நின்ற கோயில் மூப்பர் ஏதோ ஆராதனை தொடங்கிவிட்டது என்று ஓடிவந்து முழந்தாளிட்டார். அதன் பிறகு அக்கா வாசித்தாள், பிள்ளைகள் தொடங்கிய சுருதியிலேயே முடித்தார்கள். சுவாமியார் அவள் கையில் இருந்ததைக் குனிந்து பார்த்தார்.

"என்ன றெஜி இது?"

"கைக்கேம், ஃபாதர்."

"மாதா கேட்டா அப்பிடிச் சொல்லாதை" என்று சிரித்துவிட்டு, மேசையில் இருந்த சீடியை எடுத்து அங்கியின் பைக்குள் போட்டுக்கொண்டார். எங்கள் கரையில் புது வள்ளமோ புது வலையோ மந்திரிக்காமல் கடலில் இறங்காது. அன்று கைக்கேமுக்கும் சிலுவை போட்டுவிட்டார். தீர்த்தம் தெளிக்க வேண்டாம் என்று நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.

திருநாளன்று அக்கா வெள்ளைச் சேலை உடுத்திக்கொண்டு முன்வரிசையில் நின்று வாசித்தாள். இந்தியாப் பிள்ளையள் என்று எங்களைச் சொன்னவர்கள் எல்லாம் அவள் பெருவிரல் அசைவதைப் பார்த்துத்தான் பாட்டை எடுத்தார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அம்மாவைத் தேடினேன். பெண்கள் பகுதியில் அவர் இல்லை. அம்பிளிபயரும் கைக்கேமின் சார்ஜரும் குத்தியிருந்த சுவரோரம், பிளக்கின் மேல் சேலைத் தலைப்பைப் போட்டு மூடிக்கொண்டு, பூசை முடியும்வரை தரையில் அமர்ந்து காவல் இருந்தார்.

இப்போது அக்கா இலுப்பைக்கடவைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர். மெல்லிய மழைத் தூறல் சத்தத்துக்கே பெருவிரலை ஆட்டுகிற பழக்கம் போகவில்லை. நான் கொழும்பில், பிறர் எழுதுகிற மென்பொருட்களைப் பரிசோதிக்கிற வேலையில் இருக்கிறேன். கைக்கேம் அலுமாரிக்குள் உறங்குகிறது. இம்முறை கிர்ர் முழுவதுமாகத் தின்றுவிட்டது, எந்தப் பற்றரிக்கும் விழிக்காது. ரியாஸ் நானாவின் கொமினிகேஷன் இருந்த இடத்தில் இன்று குளிர்பானக் கடை. ஆளாளுக்குக் கையில் இன்டர்நெட் இருக்கும்போது அவரிடம் போய் உட்கார்ந்து வாசிக்க ஆளேது. கோயிலில் கயிற்றை இழுத்து மணியடித்தவரும் இல்லை. பதிவு செய்த மணிச் சத்தம்தான் ஒலிபெருக்கியில் நேரம் தவறாமல் போகிறது.

போன கிழமை வேலை முடிந்து அம்மாவுக்குப் போன் எடுத்தேன். எதையோ சொல்லிக்கொண்டிருந்தவர், ஊரில் ஆறு மணி அடிக்கவும் போனைக் கதிரையில் வைத்துவிட்டு எழும்பினார். செருப்புச் சத்தம் ஹோலுக்குப் போனது. டீவி ஓடிக்கொண்டிருந்தது.

"பிள்ளையள், ஏதும் ஏத்துதோ? நிப்பாட்டப் போறன்."

"ஆரைக் கேக்கிறாய்? ரெண்டும் இஞ்சை இல்லையே" என்று அப்பாவின் குரல் கேட்டது. டீவி நிற்கவில்லை. மணி அடித்துக்கொண்டிருக்க, வாழ்நாளில் ஒரு செபத்துக்கும் பிந்தாத அம்மா சுவிட்சடியில் காத்துக்கொண்டு நின்றார்.

"இல்லையம்மா, ஒண்டும் ஏத்தேல்லை. நிப்பாட்டுங்கோ" என்று நான் கொழும்பிலிருந்து உரத்துச் சொன்னேன்.

அதன் பிறகுதான் "டக்" என்றது.